மேல ரோடு, கீழ பெட்ரூம், நடுவுல கதவே இல்லாத குசினி: இந்த வீட்ட வாடகைக்கு எடுக்கலாமா?

ஹட்டன்_புதுசு:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு சொந்த ஊர் இலங்கைல பதுளை பக்கம், ட்ரான்ஸ்பர்ல ஹட்டனுக்கு வந்து மூணு மாசம் ஆகுது, இவ்வளவு நாளும் போடிங்ல தனியா இருந்தேன், இப்ப வைஃப்பையும் மகளையும் (4 வயசு) மாமியாரையும் கூட்டிட்டு வரணும். வீடு தேடி தேடி செருப்பு தேஞ்சது தான் மிச்சம். டித்வா புயலுக்கு அப்புறம் ஒரு வீடு காலியாகுதுனு காதுல விழுந்து நம்ம போய் நிக்கிறதுக்குள்ள வேற ஆள் அட்வான்ஸ் குடுத்துட்டு போயிருப்பான்.

போன ஞாயித்துக்கிழமை ஒரு வீடு பாத்தேன். டிக்கோயா போற பக்கம், புதுசா கட்டினது, ஓனர் மாத்தயாவும் நல்ல மனுசன் மாதிரி தான் தெரியுது. வாடகை 48,000, ஆறு மாச அட்வான்ஸ். விசயம் என்னன்னா வீடு சரிவுல இருக்கு. வாசக்கதவு ரோட்டு மட்டத்துல. தொறந்தா ஒரே பெரிய ஹோல், அதோட ஒட்டினாப்ல பேன்ட்ரி குசினி (சமையல் ரூம்), ரெண்டுக்கும் நடுவுல சுவரும் இல்ல கதவும் இல்ல, இடுப்பு உசரத்துக்கு ஒரு கவுண்டர் மட்டும். அடுப்பு இருக்கிற இடத்துல இருந்து நாலு எட்டு வெச்சா கீழ எறங்குற படி, அதுக்கும் கதவில்ல. கீழ தான் ரெண்டு பெட்ரூமும் பாத்ரூமும். கீழ இருந்து வெளிய போக வேற கதவே கிடையாது. ஜன்னல் ரெண்டுக்கும் இரும்பு கிரில், அதையும் சுவத்துக்குள்ள ஏத்தி சிமெந்து பூசி வெச்சிருக்கு. ஜன்னலுக்கு அந்த பக்கம் ஒரு மூணு அடி கீழ பக்கத்து வீட்டுக்காரரோட கோவா (முட்டைக்கோஸ்) பாத்தி.

வைஃப்புக்கு போட்டோ அனுப்பினேன், சரியான சந்தோசம், டிவில வாற வீடு மாதிரி இருக்காம். மாமியார் தான் போனை வாங்கி போட்டோவ பெருசாக்கி பெருசாக்கி பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "அடுப்பு பத்திக்கிச்சுனா நான் எந்தப் பக்கம் ஓடுறது மாப்ள?" அவங்களுக்கு முழங்கால் வலி, ஓடுறதுங்கிறதே பேச்சுக்கு தான்.

அதுல இருந்து எனக்கு தூக்கம் இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். எடுக்கலாமா, எடுக்குறதுனா ஓனர்கிட்ட என்னென்ன கேக்கணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொட்டகலை_பொடியன்:

மச்சான் ரொம்ப யோசிக்கிறீங்க. நம்ம அப்பா அம்மா எல்லாம் 10க்கு 12 அடி ஒத்த ரூம் காம்பராவுல வெறகு அடுப்பு ஊதிக்கிட்டே ஏழு பேர் படுத்து எழும்புனவங்க, அதுல எங்க இருந்துச்சு குசினிக்கு கதவு? இப்ப இருக்கிற நிலமைல 48,000க்கு ரோட்டோரம் வீடு கெடைக்கிறதே பெரிய விசயம். எடுத்துட்டு படுக்க முன்ன கேஸ மூடிட்டு படுங்க, முடிஞ்சு போச்சு.

தலவாக்கலை_அக்கா:

தம்பி பொடியா, கோவிச்சுக்காத, நீ சொன்ன அந்த காம்பராவுல வளந்தவ தான் நானும். எங்க லயம் (தோட்டத்துல வரிசையா ஒட்டி கட்டின வீடுங்க) எரிஞ்சப்ப எனக்கு 15 வயசு.

பொழுது சாயிற நேரம், நாலாவது காம்பராவுல புடிச்சிச்சு, கரண்ட் ஒழுக்குனு தான் பின்னாடி சொன்னாங்க. எங்களுது ஒம்பதாவது. நடுவுல நாலு வீடு இருக்கு, நம்ம கிட்ட வராதுனு நெனச்சு எங்க அப்பா அங்க தண்ணி ஊத்த ஓடிட்டாரு. ஆனா லயத்துல சுவர் இருக்கே தவிர அந்த சுவர் கூரை வரைக்கும் போகாது, மேல பூராவும் ஒரே பொந்து தான், அந்த கடைசில இருந்து இந்த கடைசிக்கு எலி ஓடுற பாதை. நெருப்பும் அந்த பாதைல தான் வந்துச்சு. முதல்ல எங்க சீலிங் பலகை இடுக்குல இருந்து பொகை கீழ தொங்குன மாதிரி எறங்குச்சு, நெருப்பே இல்ல, வெறும் பொகை, மஞ்சளும் கருப்பும் கலந்த மாதிரி. நான் தம்பிய இழுத்துக்கிட்டு இஸ்தோப்புக்கு (வாசல் திண்ணை) வந்து திரும்பி பாக்குறதுக்குள்ள சீலிங் விழுந்துருச்சு. அரை மணி நேரத்துல 12 காம்பராவும் சரி. தீயணைப்பு வண்டி டவுன்ல இருந்து தோட்ட ரோட்டுல ஏறி வந்து சேந்தப்ப அணைக்கிறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. யாருக்கும் உயிர் போகல, ஏன் தெரியுமா, எல்லா காம்பராவுக்கும் நேரா வெளிய போற கதவு இருந்துச்சு. படுத்த எடத்துல இருந்து அஞ்சு எட்டு வெச்சா வெளிய.

ஹட்டன் தம்பி, நீங்க சொல்ற வீட்டுல அது தான் இல்ல. உங்க மாமியார் கேட்ட கேள்வி தான் சரியான கேள்வி. எங்களுக்கு பொகை மேல இருந்து வந்துச்சு, நாங்க கீழ குனிஞ்சு ஓடினோம். நீங்க கீழ இருந்துக்கிட்டு பொகைக்குள்ள மேல ஏறணும்.

இன்னொண்ணு. அன்னைக்கு எரிஞ்சதுல எங்க அஞ்சு பேரோட பொறப்பு சர்டிபிகேட்டும் அப்பாட ஐடென்டி கார்டும் போயிருச்சு, அத திரும்ப எடுக்க கச்சேரிக்கும் (அரசாங்க ஆபிஸ்) தோட்ட ஆபிசுக்கும் அலைஞ்சது ரெண்டு வருசம். எந்த வீட்டுக்கு போனாலும் அதெல்லாம் ஒரு பைல போட்டு கதவுக்கு பக்கத்துல வைங்க.

மஸ்கெலியா_டு_மான்செஸ்டர்:

நான் மஸ்கெலியாக்காரி, இப்ப இங்கிலாந்துல நர்ஸ், இங்க நானும் வாடகை வீடு தான். தலவாக்கலை அக்கா சொன்னதுக்கு இங்க ஒரு பேரே இருக்கு. ஒரு ரூமுல இருந்து வெளிய போக இன்னொரு ரூமுக்குள்ளாற தான் போயாகணும்னா அதுக்கு இன்னர் ரூம்னு சொல்லுவாங்க. கட்டட விதில அப்படி ஒரு பெட்ரூம சும்மா விட மாட்டாங்க, ஆள் நுழைஞ்சு வெளிய போற அளவுக்கு ஒரு ஜன்னலாவது கேப்பாங்க. அளவும் இருக்கு. தொறந்தா கிடைக்கிற இடைவெளி உசரத்துலயும் அகலத்துலயும் 450 மில்லிமீட்டருக்கு குறையக்கூடாது, அதாவது ஒன்றரை அடி, ஆனா ரெண்டும் ஒன்றரை அடி மட்டும் இருந்தா பத்தாது, மொத்த பரப்பு 0.33 சதுர மீட்டர் வரணும், கிட்டத்தட்ட மூன்றரை சதுர அடி. ஜன்னலோட அடி விளிம்பு தரைல இருந்து 1,100 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாது, மூன்றரை அடி சொச்சம். இது இங்கிலாந்து சட்டம், ஹட்டன்ல யாரும் இதை கேட்டு வரப்போறதில்ல, ஆனா மனுசனோட தோள் அகலம் எல்லா நாட்டுலயும் ஒண்ணு தானே, ஒரு டேப் எடுத்துட்டு போய் அளந்து பாருங்க.

ஸ்மோக் அலாரமும் அப்படித்தான். 2015ல வந்த சட்டப்படி இங்க வாடகை வீட்டுல ஒவ்வொரு மாடிக்கும் ஒண்ணு ஓனர் தான் போடணும், 2022 ஒக்டோபர்ல இருந்து பழுதானா மாத்தி குடுக்கிறதும் ஓனர் பொறுப்பு. நீங்க போடுறதுனா ஒண்ண கவனிங்க. உங்க வீட்டுல குசினி மேல, தூங்குறது கீழ. பொகை மேல போகும், அதனால கீழ பெட்ரூம் வாசல்ல மாட்டின அலாரம் கடைசில தான் கத்தும். மேல ஹோல் சீலிங்ல மாட்டினது முதல்ல கத்தும், ஆனா கீழ கதவ சாத்திட்டு கம்பளிக்குள்ள தூங்குற உங்களுக்கு கேக்காது. ஒண்ணு அடிச்சா மத்ததும் சேந்து அடிக்கிற மாதிரி, வயர் இல்லாம தொடர்பு வெச்சிருக்கிற செட் இருக்கு, அத வாங்குங்க. அடுப்புக்கு நேர் மேல ஸ்மோக் அலாரம் மாட்டாதீங்க, தாளிக்கிற ஒவ்வொரு தடவையும் கத்தி மூணாவது நாள் நீங்களே பேட்டரிய கழட்டிருவீங்க (எங்க வீட்டுல நடந்தது, கருவாடு பொரிச்ச அன்னைக்கு முழு ஃபிளாட்டும் வெளிய). குசினி பக்கத்துக்கு சூட்டுக்கு அடிக்கிற ஹீட் அலாரம் தனியா இருக்கு, 58 பாகை மாதிரி வந்தா தான் அடிக்கும்.

ஹட்டன்_புதுசு:

அக்காமார் ரெண்டு பேருக்கும் நன்றி. வேலை விட்டு வாற வழில டேப்போட போய் அளந்தேன். ஜன்னல் பரவால்ல, ரெண்டு அடி அகலம் மூணு அடி உசரம், தரைல இருந்து விளிம்பு மூணு அடி. கிரில் மட்டும் தான் பிரச்சினை. மாத்தயாகிட்ட கிரில வெட்டலாமானு கேட்டேன், ஏலாதுனு ஒரே வார்த்தைல சொல்லிட்டாரு, கள்ளன் வருவான், குரங்கு வரும், போன வருசம் பக்கத்து வீட்டுக்குள்ள குரங்கு பூந்து சீனி டின்ன தூக்கிட்டு போயிருச்சாம்.

கேஸ் சிலிண்டர் எங்கனு கேட்டீங்கன்னா பேன்ட்ரி கபட்டுக்குள்ள, சிங்குக்கு பக்கத்துல, கபட் கதவ சாத்தினா தெரியாது, பாக்க நீட்டா இருக்கு.

சிலிண்டர்_சுமக்கிறவன்:

நீட்டா இருக்குனு சொன்னீங்க பாருங்க அத படிச்சதும் தான் எழுத வந்தேன், இல்லாட்டி நான் இங்க வாசிச்சிட்டு போற ஆள். நுவரெலியால பத்து வருசமா வீடு வீடா கேஸ் குடுக்குறேன்.

எல்லாரும் நெருப்பு பொகைனு மேல போறத பத்தியே கதைக்கிறீங்க, கேஸ் மேல போகாது அண்ணே, கீழ போகும். சமையல் கேஸ் காத்த விட ஒன்றரை மடங்கு ரெண்டு மடங்கு பாரம். லீக் ஆனா தண்ணி மாதிரி தரையோட ஓடி பள்ளம் பாத்து போய் நிக்கும். உங்க வீட்டுல பள்ளம் எது? படிக்கு கதவில்ல, நாலு எட்டுல படி, கீழ பெட்ரூம், அங்க தரை மட்டத்துல வெளிய போக ஒரு ஓட்டை கூட இல்ல. மேல குசினில நின்னா மணமே லேசா தான் தெரியும், மொத்த கேஸும் கீழ கட்டில் அடில தேங்கி நிக்கும். காத்துல நூத்துக்கு ரெண்டு பங்கு கலந்தா போதும் பத்திக்கிறதுக்கு. காலைல எழும்பி லைட் ஸ்விட்ச தட்டினாலோ மாமியார் சாமி விளக்கு பத்த வெச்சாலோ அவ்வளவு தான்.

2021 கடைசில நாடு முழுக்க வரிசையா கேஸ் வெடிச்சது ஞாபகம் இருக்கும், கேஸ்ல கலந்திருக்கிற புரொப்பேன் எவ்வளவு பியூட்டேன் எவ்வளவு, மணத்துக்கு போடுற எத்தில் மெர்காப்டன் சரியா இருக்கானு கோர்ட் வரைக்கும் போச்சு. அந்த ரெண்டு மாசம் நான் சிலிண்டர் கொண்டு போனா வீட்டுக்காரங்க கதவுக்கு வெளியவே வெச்சிட்டு போ தம்பினு சொன்னாங்க, அப்புறம் மறந்து திரும்ப எல்லாரும் கபட்டுக்குள்ள வெச்சிட்டாங்க.

அதனால முதல் வேலை சிலிண்டர வெளிய எடுக்குறது. ரோட்டு பக்க சுவத்துக்கு வெளிய கம்பி கூடு அடிச்சு பூட்டி, சுவத்துல ஒரு குழாய் வெச்சு அதுக்குள்ளால டியூப்ப உள்ள எடுங்க. டியூப்பும் ரெகுலேட்டரும் எஸ்எல்எஸ் முத்திரை (இலங்கை தர முத்திரை) உள்ளதா பாருங்க, டியூப்ப கையால மடிச்சு பாத்தா வெடிப்பு தெரிஞ்சா கழட்டி வீசுங்க. புது சிலிண்டர் மாட்டுற ஒவ்வொரு தடவையும் சவுக்கார தண்ணி பூசி குமிழி வருதானு பாருங்க, நெருப்பு குச்சி காட்டி பாக்குற ஆக்கள நான் என் கண்ணால பாத்திருக்கேன், சத்தியமா.

கேஸ் அலாரம் வாங்கினா அத சீலிங்ல மாட்டாதீங்க, தரைல இருந்து ஒரு அடி உசரத்துல, உங்க வீட்டுக்கு படி முடியிற எடத்துல கீழ ஒண்ணு.

அப்புறம் நம்ம குளிருக்கே உரிய ஒரு பைத்தியக்காரத்தனம் இருக்கு. டிசம்பர் ஜனவரில விடிய காலைல அடுப்பு நீலமா எரியாம சோந்து போகும். பியூட்டேன் பூச்சிய பாகைக்கு கிட்ட வந்தா ஆவியாகவே மாட்டேங்கும், சிலிண்டர் பாதிக்கு கீழ வந்தா இன்னும் மோசம். ஒடனே கேஸ் இருக்கு ஆனா வரலனு சொல்லிட்டு சிலிண்டர படுக்க போட்டுருவாங்க, இல்லாட்டி சுடுதண்ணி வாளில நிப்பாட்டுவாங்க. படுக்க போட்டா ஆவிக்கு பதிலா தண்ணியாவே ரெகுலேட்டருக்குள்ள போகும், அடுப்புல ஒரு ஆள் உசரத்துக்கு குப்புனு எரியும். மேல இருக்கிறது உங்க பேன்ட்ரி கபட், பலகை. செய்யாதீங்க.

மழைக்கால_வயர்மேன்:

சிலிண்டர் தம்பி சொன்னதெல்லாம் சரி, ஆனா நான் போற வீடுகள்ல எரிஞ்சு போய் நிக்கிறது பாதிக்கு மேல கரண்ட் தான். வாடகைக்கு எடுக்க முன்ன பத்து நிமிசம் இத பாருங்க.

மெயின் போர்ட்ல ட்ரிப் ஸ்விட்ச் இருக்கும், அதுல டி-னு ஒரு சின்ன பட்டன். அமத்துங்க. டக்குனு விழணும். விழலனா ஒண்ணு பழுது இல்லாட்டி பைபாஸ். நம்ம பக்கம் மழை மாசத்துல ஈரத்துக்கு அடிக்கடி ட்ரிப் ஆகும், எங்க ஒழுக்குனு தேடாம யாராவது ஒரு அரைகுறை வயரிங் பாஸ் வந்து ட்ரிப் ஸ்விட்ச தாண்டி வயர குடுத்துட்டு போயிருவாரு, லைட் எரியும், எல்லாருக்கும் சந்தோசம். புது வீட்டுலயும் இத பாத்திருக்கேன். ட்ரிப் ஸ்விட்ச் இருந்தா மட்டும் போதும்னும் நெனைக்காதீங்க, அது ஒழுக்குக்கு தான், ஓவர்லோடுக்கு விழுறது பக்கத்துல இருக்கிற சின்ன எம்சிபி.

அடுத்தது ஹீட்டர். ஹட்டன் குளிருக்கு நீங்க கட்டாயம் வாங்குவீங்க, அதுவும் மாமியார் இருக்காங்க. 2,000 வாட் ஹீட்டர், 2,000 வாட் கேத்தல், ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்சன்ல குத்தினா 4,000. 13 ஆம்பியர் பிளக் தாங்குறது 3,000 வாட் கூட இல்ல. ஒடனே எரியாது, அது தான் ஆபத்து, வயர் உள்ளுக்குள்ள சூடாகி சூடாகி ரப்பர் இளகி ஒரு நாள் ராத்திரி தான் காட்டும். இப்பவே சாக்கெட்டுகள பாருங்க, வெள்ள கவர் மஞ்சளாவோ ப்ரவுனாவோ மாறி இருந்தா அங்க சூடு ஏறி இருக்கு. உங்களுது மாதிரி நடுச்சுவர் இல்லாத ஓபன் பிளான் வீட்டுல பெரிய சுவர் கம்மி, அதனால சாக்கெட்டும் கம்மியா தான் வெச்சிருப்பாங்க, எல்லாரும் மல்டி பிளக்க தேடி போறதே அதனால தான்.

ஹீட்டர் கரண்ட் பில்லுக்கு பயந்து ராத்திரில கரி சட்டிய தணலோட பெட்ரூமுக்குள்ள கொண்டு போயிடாதீங்க. ஜன்னல் கதவெல்லாம் சாத்தின ரூமுல கரி தணல் கார்பன் மொனொக்சைட்னு ஒரு விசவாயுவ விடும், மணம் இல்ல, இருமல் வராது, தலைவலி, தலைசுத்து, தூக்கம்னு தான் வரும்.

கொட்டகலை_பொடியன்:

சரி சரி நான் வாய மூடிக்கிறேன். ஆனா ஒரு ஐடியா. குசினிக்கும் ஹோலுக்கும் நடுவுல பிளைவுட் பார்ட்டிசன் அடிச்சு கதவு போட்டா ஓபன் பிளான் பிரச்சினையே முடிஞ்சிருமே?

மழைக்கால_வயர்மேன்:

பொடியா, மெல்லிசு பிளைவுட்னா நீ அடுப்புக்கு பக்கத்துல வெறகு நட்டு வெக்கிற. அந்த காச படி தலப்புல செலவழிக்க சொல்லு. நல்ல கனமான பலகை கதவு ஒண்ணு, சாத்தினா தானா மூடுற மாதிரி ஸ்பிரிங்கோட. மேல சோபா பத்தினாலும் கீழ பொகை எறங்க நேரம் எடுக்கும். பெட்ரூம் கதவையும் சாத்திட்டு தூங்குங்க, அது ஒரு சதம் செலவில்லாத வேலை. சோபா ஸ்பஞ்ச் எரியிற பொகை வெறகு பொகை மாதிரி இல்ல, ரெண்டு மூணு மூச்சுல ஆள சாச்சிரும். கதவு போட்டாலும் கிரில் தொறக்கணும், அதுல மாத்தமில்ல, கதவு நேரம் குடுக்கும், வழி குடுக்காது.

பண்டாரவளை_ஓனர்:

எல்லாரும் ஓனர்மார திட்டுறீங்க, நானும் ரெண்டு அனெக்ஸ் வாடகைக்கு குடுக்கிறவன், அதனால இந்த பக்கத்தையும் கேளுங்க. கிரில வெட்டுனு சொன்னா எந்த ஓனரும் முகத்த சுளிப்பான். "வெட்ட வேணாம் மாத்தயா, ஒரு ஜன்னல்ல மட்டும் பிணைச்சல் போட்டு கதவு மாதிரி தொறக்குற கிரில் மாட்டித் தாறேன், பாதி காசு நான் போடுறேன், போறப்ப விட்டுட்டு போறேன்"னு சொல்லிப் பாருங்க. வெல்டிங் பாஸ் ஒரு நாள்ல முடிச்சிருவாரு. உள்பக்கமா கொண்டி, பூட்டு போட்டாலும் சாவி ஜன்னலுக்கு பக்கத்துலயே ஆணில தொங்கணும், ஆனா வெளிய இருந்து கை விட்டா எட்டக்கூடாது. என் அனெக்ஸ்ல ஒரு குடும்பம் இப்படி கேட்டுச்சு, முதல்ல எனக்கும் கோவம் தான், இப்ப ரெண்டுலயும் அப்படித்தான் இருக்கு.

நீங்க பேசினத எல்லாம் அக்ரிமென்ட்ல ஒரு வரியா எழுத சொல்லுங்க. வாய்ல சொன்னது அட்வான்ஸ் குடுத்த அடுத்த நாள் மறந்துரும், எனக்கும் மறந்திருக்கு.

சரிவுல கட்டினதுனு சொன்னீங்க, நெருப்ப விட்டுட்டு வேற கேக்குறேன், என்பிஆர்ஓ (மண்சரிவு ஆபத்து பாக்குற அரசாங்க நிறுவனம்) அனுமதி இருக்கானு பாத்தீங்களா? நகர சபைல எடுத்த சிஓசி (பிளான் படி கட்டினதுக்கான சர்டிபிகேட்) இருக்கானும் கேளுங்க. பின்னால வாங்கு (மண் மேடு) எப்படி, சுவத்துல வெடிப்பு இருக்கா?

ஹட்டன்_புதுசு:

என்பிஆர்ஓ பேப்பர் இருக்கு, காட்டினாரு, போட்டோ எடுத்துக்கிட்டேன். வாங்கு கல்லு கட்டினது, வெடிப்பு தெரியல. கிரில் விசயத்த நீங்க சொன்ன மாதிரியே நாளைக்கு கதைச்சு பாக்குறேன் அண்ணே.

தலவாக்கலை_அக்கா:

கதைக்க போறப்ப மாமியாரையும் கூட்டிட்டு போங்க தம்பி. வயசானவங்க நேரா கேட்டா மனுசன் எளகுவான். அப்புறம் எண்ணெய் பத்தினா தண்ணி ஊத்தக்கூடாது, அடுப்ப அணைச்சுட்டு மூடிய சாத்துனு வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க, வடை சுடுற அன்னைக்கு தான் எல்லா கூத்தும் நடக்கும். 110 (தீயணைப்பு), 119 (பொலிஸ்), 1990 (அம்புலன்ஸ்) மூணையும் எழுதி குசினில ஒட்டுங்க. ஆனா வண்டி வரும்னு காத்துக்கிட்டு உள்ள நிக்க வேணாம்.

ஹட்டன்_புதுசு (பதினெட்டு நாளைக்கு அப்புறம்):

எல்லாருக்கும் தகவல் சொல்லாம விட்டுட்டேன், மன்னிக்கணும், வீடு மாறுற வேலைல போனையே தொட நேரமில்ல.

வீட்ட எடுத்துட்டோம். தலவாக்கலை அக்கா சொன்ன மாதிரி மாமியார கூட்டிட்டு போனேன். அவங்க கீழ பெட்ரூமுல போய் கட்டில்ல ஒக்காந்துக்கிட்டு மாத்தயாவ கூப்பிட்டு, "இப்ப மேல நெருப்புனு வைங்க, என்ன வெளிய எடுங்க பாப்போம்"னு சிங்களத்துல சொன்னாங்க. மனுசன் படிய பாத்தாரு, கிரில பாத்தாரு, ஒண்ணும் பேசல. அடுத்த நாள் வெல்டிங் பாஸ அவரே அனுப்பி வெச்சாரு. செலவு 16,000, பாதி பாதி. சிலிண்டர் இப்ப வெளிய, கூடும் பூட்டும் என் செலவு. ட்ரிப் ஸ்விட்ச் பட்டன அமத்தினப்ப முதல் தடவை விழல, வயர்மேன் அண்ணே உங்க புண்ணியம், பைபாஸ் இல்ல, பழுது தான், புதுசு மாத்தி குடுத்தாரு. படிக்கு கதவு மட்டும் இன்னும் போடல, தச்சு பாஸ் அடுத்த கெழமை வாறேன்னு மூணாவது கெழமையா சொல்லிக்கிட்டு இருக்காரு. அலாரம் கொழும்புல இருந்து எடுப்பிச்சேன், மேல ஒண்ணு கீழ ஒண்ணு, சேந்தே அடிக்குது. கேஸ் அலாரம் படி அடில ஒரு அடி உசரத்துல, மகள் அதுக்கு முன்னால ஒக்காந்து கதை சொல்லிக்கிட்டு இருக்கா.

போன சனிக்கிழமை ராத்திரி லைட் எல்லாம் அணைச்சுட்டு ஒரு தடவை செஞ்சு பாத்தோம். சாவிய தடவி எடுத்து கிரில தொறக்க எனக்கு கொஞ்சம் நேரம் எடுத்துச்சு, ஆணிய இன்னும் கீழ அடிக்கணும். மாமியாரால விளிம்புல கால தூக்கி வெக்க ஏலல, அதனால ஜன்னலுக்கு கீழ ஒரு பலகை பெட்டி, வெளிய பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட கேட்டு ரெண்டு சிமெந்து கல்லு போட்டிருக்கு. ரெண்டாவது தடவை பெட்டில ஏறி, விளிம்புல ஒக்காந்து, ஒவ்வொரு காலா எடுத்து வெச்சு தானாவே எறங்கிட்டாங்க. எறங்கினது கோவா பாத்திக்குள்ள. பக்கத்து வீட்டு அண்ணே காலைல வந்து ரெண்டு கோவா போச்சுனு சொன்னாரு, காசு வேணாமாம், அடுத்த தடவை பகல்ல செஞ்சு பாக்க சொன்னாரு.